தானியக் காவலும் நச்சு வாயுவும்



நெல்லை விளைவிப்பது ஒரு தொழில். விளைந்த நெல்லைக் காப்பது மற்றொரு தொழில். இரண்டாவது தொழில் முதலாவதற்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. நம் வீடுகளில் முன்னாளில் இருந்த குதிரும் பத்தாயமும் இதற்குச் சான்று. மழையிலும் வெயிலிலும் உழவன் பாடுபட்டு ஈட்டிய தானியத்தை, எள்ளளவே உள்ள ஒரு வண்டு சில திங்களில் மாவாக்கி விடுகிறது. ஆகவே வண்டை ஒழிக்க வழி தேடுவது குற்றமன்று; கடமையே ஆகும். ஆனால் எந்த வழியை, எந்த இடத்தில், யார் மேற்கொள்வது என்பதே வினா. அவ்வினாவை நான் ஒருமுறை கேளாமல் விட்டேன். அதனால் நேர்ந்ததைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

நான் விஞ்ஞானி அல்லேன். வேளாண்மைத் துறை அலுவலனும் அல்லேன். வேதியியலில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. நான் இதில் தவறு செய்தவன்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். நெல், அரிசி, கோதுமை முதலியவற்றைப் பெரிய கிடங்குகளில் காப்பதற்கு அலுமினியம் பாஸ்பைடு என்னும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்களில் அதை வண்டு மாத்திரை என்று சொல்வதுண்டு. ஒரு மாத்திரையின் எடை 3 கிராம். உலர்ந்த நிலையில், மூடிய குப்பியில், அது சாதுவாக இருக்கும். திறந்து வெளியே வைத்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மீது படும். உடனே அதிலிருந்து பாஸ்பீன் என்னும் வாயு வெளிவரத் தொடங்கும். முதலில் மெல்லவும், சில மணி நேரத்திற்குப் பின் விரைந்தும், இரண்டு மூன்று நாட்கள் வரையிலும் வெளிவந்துகொண்டே இருக்கும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவைத் தரும். அவ்வாயு மூட்டையின் உள்ளே புகும். தானியத்தின் உள்ளேயும் புகும். அரிசிக்குள் ஒளிந்திருக்கும் புழுவையும் கொல்லும். வேலை முடிந்து காற்றாட விட்டால் பெரும்பாலும் அகன்றுவிடும். தானியத்தைக் காப்பவர்க்கு இதனினும் வசதியான பொருள் கிடைப்பது அரிது.

ஆயினும் வண்டுக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமையை அவ்வாயு அறியாது. உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் முறையையே அது தடுத்து நிறுத்துகிறது. இதயமும் நுரையீரலும் முதலில் துன்புறுகின்றன. அதற்கென ஒரு மாற்று மருந்து இல்லை. மருத்துவர் உடம்பைத் தாங்கிப் பிடித்து, அது தானே மீண்டு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2006ஆம் ஆண்டு, வடகிழக்குப் பருவமழைக் காலம். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் சத்துணவுப் பொருள்களை வைக்கும் அறை, ஆறாம் வகுப்பு அறையை ஒட்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவர் ஓட்டுக் கூரை வரையில் எழும்பவில்லை. மேலே இரண்டு முழ இடைவெளி இருந்தது. மழையின் ஈரத்தால் அரிசி மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மையார் என்னிடம் வந்து, "ஐயா, வெயில் வந்ததும் காயப்போட்டுப் புடைத்து எடுத்துவிடுகிறேன்; இரண்டு நாள் பொறுங்கள்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாள் நெருங்கியிருந்தது. "கடையில் வண்டு மாத்திரை கிடைக்கிறதே, அதை வாங்கி வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும்" என்று நான்தான் சொன்னேன். பணமும் நானே கொடுத்தேன்.

வாங்கி வந்தவர் ஆறு மாத்திரைகளைக் கொண்டுவந்தார். அவை பழைய செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டப்பட்டிருந்தன. பெயரில்லை, எச்சரிக்கையில்லை, மண்டையோட்டுப் படமில்லை. "மூட்டைக்கு ஒன்று வையுங்கள், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னார்" என்றார். வியாழக்கிழமை மாலை, மறுநாள் சமையலுக்கு வேண்டிய அரிசியை வெளியே எடுத்துக்கொண்டு, மாத்திரைகளைத் துணியில் முடிந்து மூட்டைகளுக்கு நடுவில் வைத்தோம். அறையைப் பூட்டினோம். சன்னலையும் சாத்தினோம். சுவரின் மேலிருந்த இடைவெளியை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மழை. சாரல் அடிக்காமலிருக்க வகுப்பறைச் சன்னல்களையும் மூடியிருந்தார்கள். இரண்டாம் பாடவேளையில் ஒரு சிறுவன் தலை வலிக்கிறதென்றான். சற்று நேரத்தில் ஒரு சிறுமி வாந்தி எடுத்தாள். காலையில் உண்டது ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று கருதி, இருவரையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார்கள். மீண்டும் வகுப்புக்குள் அனுப்பினோம். மீண்டும் துவண்டார்கள். இப்போது இருவர் அல்லர், ஐந்தாறு பேர். நான் உள்ளே சென்றபோது முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், நம்ம வகுப்புல மட்டும் காலையிலேருந்து பூண்டு வாசம் அடிக்குது சார்" என்றாள்.

அந்தச் சொல் என்னை நிற்க வைத்தது. கல்லூரியில் நான் படித்த நாளில், எங்கள் பேராசிரியர் வெண்பாஸ்பரத்தையும் எரிசோடாக் கரைசலையும் சூடாக்கிப் பாஸ்பீனைத் தயாரித்துக் காட்டுவார். குமிழிகள் நீர்மட்டத்திற்கு வந்து தாமே தீப்பற்றி, வெண்ணிறப் புகை வளையங்களாக மேலே செல்லும். நாங்கள் வியந்து பார்ப்போம். அன்று என் குறிப்பேட்டில், "நச்சுத்தன்மை உடையது, பூண்டு அல்லது அழுகிய மீனின் நாற்றம் உடையது" என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தேன். தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்றேன். அதே வாயு என் பள்ளியில், என் ஏற்பாட்டால், என் பிள்ளைகளின் மூச்சில் கலந்தபோது என் மூக்கு அதை அறியவில்லை. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி பெயர் சொல்ல வேண்டியிருந்தது.

வகுப்பை உடனே வெளியேற்றினோம். பள்ளி முழுவதையும் திடலுக்கு அனுப்பினோம். பதினொரு பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து? அதன் உறையைக் கொண்டு வந்தீர்களா?" என்னிடம் இருந்தது கிழிந்த செய்தித்தாள். வாசனையையும் மாத்திரையின் தோற்றத்தையும் சொன்ன பிறகே அவர் தெளிந்தார். அன்று இரவு முழுவதும் பிள்ளைகளைக் கண்காணிப்பில் வைத்தார். நானும் அங்கேயே இருந்தேன். மறுநாள் பதினொருவரும் நலமாக வீடு திரும்பினர். அந்த இரவின் நீளத்தை நான் இன்றும் அளந்து சொல்ல இயலாது.

பெற்றோர்கள் என்மீது சினங்கொண்டார்கள், அது நியாயமே. ஆனால் என்னைத் தலைகுனிய வைத்தது சினமன்று. ஒரு சிறுவனின் தந்தை தானியக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கும் தொழிலாளி. எழுதப் படிக்க அறியாதவர். அவர் என்னருகே வந்து, மெல்லிய குரலில், "ஐயா, எங்க கிடங்குல மருந்து வச்சா ஏழு நாளு நாங்க யாரும் உள்ள போகமாட்டோம். வாசல்ல பலகை தொங்கும். அது உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். நான் என்ன விடை சொல்வேன்? விதியை அறிந்தவர் அவர், அறியாதவன் நான். துறையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி, பிழை என்னுடையது என்று கையொப்பமிட்டேன்.

பலகை எழுதப் பழக்கும் ஆசிரியன், பலகை ஏன் தொங்குகிறதென்று அதன்பின்தான் கற்கத் தொடங்கினேன். விதிகளின் காரணங்களைத் தேடிப் படித்தேன். அவற்றைச் சுருங்கக் கூறுகிறேன்.

1958ஆம் ஆண்டில் கேரளத்தில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. உணவுப் பண்டங்களோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்ட பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து அவற்றில் கலந்தது. அதை உண்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின் விளைவாகவே 1968ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. எந்த மருந்தை விற்கலாம், யார் விற்கலாம், எந்த உறையில் விற்கலாம், உறையின்மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அச்சட்டமும், 1971இல் வந்த விதிகளும் வகுத்தன.

அலுமினியம் பாஸ்பைடுக்கு அதனினும் கடுமையான வேலி இடப்பட்டது. அதைக் கொண்டு பூச்சி ஒழிக்கும் வேலையை அரசும், அரசு நிறுவனங்களும், பூச்சி ஒழிப்புத் தொழிலாளரும் மட்டுமே, தகுதி பெற்ற வல்லுநரின் நேரடி மேற்பார்வையில் செய்யலாம் என்று 1984ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. வலுக் குறைந்த ஓரிரு வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆயினும் 10 மாத்திரை, 20 மாத்திரை கொண்ட சிறு குழாய்கள் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வீடு அவை புகுந்தன. அறியாமையால் இறந்தவர்களும், மனமுடைந்த வேளையில் கைக்கெட்டியதை நாடி இறந்தவர்களுமாக, வட இந்திய மருத்துவமனைகள் 1980ஆம் ஆண்டுகளிலிருந்தே பலரைக் கண்டன. எனவே 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 3 கிராம் மாத்திரைகள் அடங்கிய அச்சிறு குழாய்களைச் செய்வதும் விற்பதும் பயன்படுத்துவதும் முற்றிலும் தடை செய்யப்பட்டன. என் பள்ளியில் நிகழ்ந்தது அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். குழாய் போயிற்று, செய்தித்தாள் பொட்டலம் வந்தது. வேலி இருந்தது, வேலியில் ஓட்டை போட்டது கடைக்காரரின் கை மட்டுமன்று, காசு நீட்டிய என் கையுந்தான்.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் அவ்வாயுவின் இயல்பிலிருந்து பிறந்தவை. கிடங்கில் மூட்டை அடுக்கைக் காற்றுப் புகாத விரிப்பால் மூடி, தரையோடு படியும் ஓரங்களின்மீது நீண்ட மணற்பைகளை வைத்து அழுத்துகிறார்கள். ஏன்? பாஸ்பீன் மிகச் சிறிய சந்திலும் நுழைந்து செல்லும். வாயுவைத் தடுக்கும் வடிகட்டி பொருந்திய முகமூடி அணிகிறார்கள். ஏன்? துணியை மூக்கில் கட்டினால் தூசு நிற்கும், வாயு நில்லாது. ஒருவர் தனியே செய்யாமல் துணையோடு செய்கிறார்கள். ஏன்? ஒருவர் மயங்கினால் மற்றவர் வெளியே கொண்டுவர வேண்டும். முடிந்தபின் காற்றாட விட்டு, கருவியால் அளந்து பார்த்த பிறகே ஆட்களை உள்ளே விடுகிறார்கள். ஏன்? நாற்றம் இல்லையென்றால் நஞ்சும் இல்லையென்று நம்பலாகாது. நாற்றம் தருபவை பெரும்பாலும் அவ்வாயுவோடு வரும் கலப்புப் பொருள்கள். அவற்றைத் தானியம் உறிஞ்சிக்கொண்டால் நாற்றம் மறையும், நஞ்சு மறையாது. எங்கள் வகுப்பில் பூண்டு வாசம் வீசியது எங்கள் நல்லூழ்.

பயிற்சி உடையவரே செய்தாலும், மனிதர் வாழும் இடத்திற்கு அருகில் இது தகாது என்பதற்கு வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காட்டுகிறேன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் லேட்டன் என்னும் ஊரில், 2010ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஒரு வீட்டின் புல்வெளியில் வளை தோண்டிய எலியினப் பிராணிகளைக் கொல்ல, பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர் இம்மருந்தை வளைகளில் இட்டார். வளைகள் வீட்டின் சுவருக்கு மிக அருகில் இருந்தன. வாயு வீட்டினுள் புகுந்தது. அக்காள் தங்கையரான இரு சிறுமியர் உயிரிழந்தனர். அதே ஆண்டு அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை, குடியிருப்புகளைச் சூழ்ந்த இடங்களில் இம்மருந்தை வைப்பதை முற்றிலும் தடுத்தது. ஏனைய இடங்களில், மக்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து 15 அடி தள்ளி வைத்தால் போதும் என்றிருந்த விதியை 100 அடி என்று மாற்றியது. இரண்டு சிறு உயிர்கள் 85 அடி தூரத்தின் விலையாயின.

ஆசிரியன் ஆதலால் ஒரு கணக்கும் சொல்கிறேன், மன்னியுங்கள். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 28 கன மீட்டர். அதில் 3 கிராம் மாத்திரை ஒன்றை வைத்து மூடினால் வெளிப்படும் 1 கிராம் வாயு, பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 25 பங்காக நிற்கும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் வளர்ந்த ஆளுக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி அனுமதிக்கும் சராசரி, பத்து லட்சத்தில் 0.3 பங்குதான். ஒரே ஒரு மாத்திரை எண்பது மடங்கைத் தாண்டுகிறது! நாங்கள் வைத்ததோ ஆறு.

"எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் கூறக்கூடும். ஒன்றும் ஆகவில்லை என்பது சன்னல் திறந்திருந்தது என்பதற்குச் சான்று. மருந்து தீங்கற்றது என்பதற்குச் சான்றன்று. மேலும், சன்னல் திறந்திருந்தால் வண்டும் சரியாகச் சாவதில்லை. வளர்ந்த வண்டும் புழுவும் எளிதில் மடியும். முட்டையும் கூட்டுப்புழுவும் தாங்கி நிற்கும். அவையும் மடிய வேண்டுமானால் வாயு போதிய அளவில், கசியாமல், பல நாட்கள் நிற்க வேண்டும். வீட்டு அறையில் அது நடவாது. அரைகுறையாக வைத்த மருந்தில் பிழைத்த பூச்சிகளின் வழித்தோன்றல்கள் அந்நஞ்சைத் தாங்கும் வலிமை பெறுகின்றன. அரிசி வண்டு, சிவப்பு மாவு வண்டு, தானியத் துளைப்பான் ஆகியவற்றில் இத்தகைய எதிர்ப்பு ஆற்றலை நம் நாடு உட்படப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

இது சிறிய இழப்பன்று. முன்பு பாஸ்பீனுக்குத் துணையாக மெத்தில் புரோமைடு என்னும் வாயு இருந்தது. அது வானத்தின் ஓசோன் படலத்தை அழிப்பதைக் கண்டு, உலக நாடுகள் 1992இல் கோபன்ஹேகனில் கூடி அதனையும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும், வளரும் நாடுகள் 2015க்குள்ளும் அதன் பொதுப் பயன்பாட்டைக் கைவிட இசைந்தன. ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்களைத் தூய்மை செய்தல் போன்ற சிலவற்றிற்கே அது விடப்பட்டது. ஆகவே உலகின் தானியக் கிடங்குகள் இன்று பெரிதும் சார்ந்திருப்பது பாஸ்பீனையே. அதனை நம் வீட்டு மூலையில் வீணாக்கினால், நாட்டின் களஞ்சியத்தைக் காக்கும் காவலனின் வாள் மழுங்கும்.

அப்படியானால் இல்லத்தார் வண்டுக்கு என்ன செய்வது? எங்கள் பள்ளியின் அம்மையார் சொன்னதே முதல் வழி. நன்றாகக் காயவையுங்கள். ஈரம் மிகுந்த தானியத்தில்தான் பூச்சி பெருகும். பாத்திரத்தைத் துடைத்து, வெயிலில் காட்டி, பழைய தானியத்தின் மீதியை நீக்கிய பிறகே புதியதைக் கொட்டுங்கள். மூடி இறுக்கமாகப் பொருந்தும் தகர டிரம்மில் நிறைய நிரப்பி வையுங்கள். காற்றின்றிப் பூச்சி தழைக்காது. துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கும் வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவர். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், துளைகளிட்ட குழாய் ஒன்றைப் பூச்சிப் பொறியாக உருவாக்கியிருக்கிறது. அதைத் தானியத்தில் செருகி வைத்தால் வண்டுகள் துளைவழியே விழுந்து அடியில் சேரும். நஞ்சு சிறிதும் வேண்டா. இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒரு திங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் வண்டுக்கு வேலையே இராது.

பெரிய அளவில் தானியம் வைத்திருப்பவர் உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரை அழையுங்கள். உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆட்கள் உறங்கும் இடத்தோடு சுவர் பகிரும் அறையில் வேண்டா என்று மறுத்துவிடுங்கள். எங்கேனும் பூண்டு வாசமோ அழுகிய மீன் நாற்றமோ காரணமின்றி வீசி, தலைவலியும் குமட்டலும் நெஞ்சடைப்பும் தோன்றினால், காரணத்தை ஆராய்ந்துகொண்டு உள்ளே நில்லாதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். மாத்திரையைத் தேடி எடுக்க முயலாதீர்கள். அதன்மீது தண்ணீர் ஊற்றாதீர்கள், தீப்பற்றக்கூடும். மருத்துவமனைக்குச் சென்று, தெளிந்துவிட்டவரையும் காட்டுங்கள். வைத்த மருந்து இன்னதென்று மறையாமல் சொல்லுங்கள். வெட்கத்தால் மறைக்கும் ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலையாகலாம்.

சில்லறைப் பொட்டலங்கள் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் இன்னும் அவ்வப்போது காண்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழிந்த தாள் நினைவுக்கு வருகிறது. அரசு ஒரு மருந்தின் உறைமேல் எழுதச் சொல்லும் எச்சரிக்கை, நம்மிடம் பேசும் குரல். உறையைக் கிழித்துத் தாளில் மடித்தால் அக்குரல் அடங்கிவிடுகிறது. பெயரில்லாத நஞ்சை விற்பவரிடம், "வேண்டா" என்று சொல்வதற்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை. வேறோரிடத்தில் வாங்கிக்கொள்வோம் என்று விலகிவிடாமல், அவ்வூர் வேளாண்மை அலுவலரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். எனக்கு விற்ற கடையைப் பற்றி நான் சொன்னேன். ஆனால் பிள்ளைகள் வீடு திரும்பியபின், மூன்று நாள் கழித்தே சொன்னேன். அந்த மூன்று நாட்களில் அதே குப்பியிலிருந்து எத்தனை பொட்டலங்கள் எத்தனை வீடுகளுக்குச் சென்றனவோ, அறியேன்.

அதன்பின் எங்கள் பள்ளியில் நடுச்சுவரைக் கூரை வரையில் உயர்த்திக் கட்டினோம். மூட்டை தூக்கும் அந்தத் தந்தையை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, கிடங்கில் மருந்து வைக்கும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்தேன். அவர் கூச்சத்தோடு பேசினார். நான் கடைசி வரிசையில் மாணவனாக உட்கார்ந்து கேட்டேன்.